அவங்க விட்டா நாமளும் விடுவோம்

என் பெரியம்மாவுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது ரேடியோ கேட்பதற்காக. சமையலறையில் பாட்டு கேட்கிற மாதிரி இல்லை. காதை அழுத்திப் பிடிக்கிற ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை எதிரி நாட்டு நிலையங்களைக் கேட்க வேண்டும். யாராவது விசாரித்தால் "தபால் துறையில் இருக்காங்க" என்று சொல்லும்படி வீட்டில் எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நாங்களும் அப்படியே சொல்வோம். கேட்டவர் தலையாட்டிவிட்டு, "அப்போ காதுலயா?" என்பார். அந்தக் கட்டடத்துக்கு ஊர் வைத்த பெயர் காது. பஸ் கண்டக்டர்கூட "காது இறங்கு" என்றுதான் கத்துவார்.

அந்த மொழி அவளுக்கு வந்தது பள்ளிக்கூடத்தில். இரண்டு தேசமும் தோளில் கை போட்டுக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்ததாம். அப்போது இங்கே அவர்கள் மொழியும் அங்கே எங்கள் மொழியும் கட்டாயப் பாடம். பிறகு முறைத்துக்கொண்டார்கள். மற்ற நாடுகளெல்லாம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஒதுங்கத் தொடங்கின. பாடத்தை நிறுத்திவிட்டு, படித்து முடித்தவர்களைக் கூப்பிட்டு ஹெட்போன் கொடுத்தார்கள்.

எதிரி என்று நாங்கள் வீட்டில் சொன்னதில்லை. 'அவங்க' என்போம். எந்தப் பேச்சை எடுத்தாலும் நடுவில் அவங்க வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவங்க பிள்ளைகள் நாலாம் வகுப்பில் பின்னக் கணக்குப் போடுகிறார்கள் என்று ஒரு வருஷம் செய்தி வந்தது. அடுத்த வருஷமே எனக்கு மூன்றாம் வகுப்பில் பின்னம் வந்தது. அரை பெரிசா கால் பெரிசா என்று விழித்துவிட்டு அடி வாங்கினேன். அவங்க தலைநகரில் பத்து வண்டி பக்கம் பக்கமாகப் போகிற ரோடு போட்டார்கள் என்று நாங்கள் பன்னிரண்டு வண்டி போகிற மாதிரி போட்டோம். அதில் ஓடுவதற்கு எங்களிடம் வண்டி இல்லை. கடையில் தோல் செருப்பு கிடைக்காது. தோலெல்லாம் ராணுவ பூட்ஸுக்குப் போனது. அவங்க தோல் பூட்ஸுக்குப் போய்க்கொண்டிருந்ததால். பெரியப்பா குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிறவர், வீடு வீடாக நடக்கிற உத்தியோகம். அறுந்த வாரைக் கம்பியால் இறுக்கிக்கொண்டே, "இவ்வளவு பெரிய வல்லரசு, ஒரு ஜோடி செருப்புக்கு வக்கில்ல" என்று முனகுவார். பெரியம்மா உடனே எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள்.

அவள் பிரிவின் வேலை ஒரு தாள். முந்தின நாள் கேட்டதெல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கி, மறுநாள் காலையில் மந்திரிகளின் மேஜைக்குப் போக வேண்டும். மந்திரிகள் இரண்டாம் பக்கத்தைத் திருப்பமாட்டார்கள் என்பது பிரிவுத் தலைவரின் அனுபவம். அதனால் எல்லா வாக்கியத்தையும் அவர் வெட்டுவார். அதிகம் வெட்டுப்படுவது, யார் சொன்னது என்கிற பகுதி. "அவங்க ரேடியோவில வந்துச்சா? அப்போ அவங்க சொன்னது. அதுக்குள்ள யாரு யார்கிட்ட சொன்னாங்கன்னு குடும்பக் கதை எதுக்கு?" என்பார். பிரிவில் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். அது அவருக்கும் தெரியும். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

இதிலெல்லாம் பெரியம்மாவுக்குக் குறையில்லை. வேலை வேலைதான் என்று இருந்தாள், அண்ணனை எல்லைக்கு அனுப்பும் வரை.

அண்ணன் அவளுடைய ஒரே பிள்ளை. எல்லாப் பையன்களையும் போல இரண்டு வருஷ ராணுவச் சேவைக்குப் போனான். மலைமேல் ஒரு காவல் கோபுரம், கூப்பிடு தூரத்தில் அவங்க கோபுரம். போர் என்று ஒன்றும் கிடையாது. ஆனாலும் பனிக்காலத்துக்குப் பனிக்காலம் அங்கிருந்து சில பையன்கள் பெட்டியில் வந்தார்கள். வழி தவறிவிட்டான், துப்பாக்கி கைதவறி வெடித்தது என்று ஒரு வரி எழுதி வரும். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

அவன் திரும்ப ஒரு மாதம் இருந்தது. பெரியப்பா அவன் அறைக் கதவைத் தேய்த்து வண்ணம் அடித்தார். எங்கேயோ வரிசையில் நின்று ஒரு மெத்தை வாங்கி, தலையில் வைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். பெரியம்மா மட்டும் ஒன்றும் செய்யவில்லை. முன்கூட்டி எதையும் செய்தால் அது நடக்காது என்று அவளுக்கு ஒரு பயம். அதை மூடநம்பிக்கை என்று அவளே சொல்வாள். சொல்லிவிட்டு அதன்படியே நடப்பாள்.

அந்த வாரம் சாயங்காலச் செய்தியில் அறிவித்தார்கள். சேவை இனி மூன்று வருஷம். இப்போது சேவையில் இருப்பவர்களுக்கும் பொருந்தும். எதிர்த்தரப்பு ஏற்கெனவே அப்படித் தீர்மானித்துவிட்டதால் வேறு வழியில்லை.

பெரியப்பா ரேடியோவை அணைத்தார். "நீ கேட்டியா இதை?"

"இல்ல."

"உன் காதுக்குத் தெரியாம அவங்க எப்போ தீர்மானிச்சாங்க?"

"போன வாரம் ஒருநாள் பல் டாக்டர்கிட்ட போயிருந்தேன் இல்ல? அன்னிக்கு வந்திருக்கும்."

"நல்ல நாள் பாத்துப் பல்லைப் புடுங்கின" என்றார் அவர். வண்ணம் அடித்த கதவை இரண்டு பேரும் பார்க்காமல் சாப்பிட்டுப் படுத்தார்கள்.

அமைச்சகத்திலிருந்து விவரம் கேட்டு வந்தது. அவங்க எந்தத் தேதியிலிருந்து நீட்டிக்கிறார்கள், யார் யாருக்கு விலக்கு? குறிப்பு தயாரிக்கும் வேலை பெரியம்மாவிடம் வந்தது. பல் டாக்டரிடம் போயிருந்த நாளின் டேப்பை எடுத்துப் போட்டுக் கேட்டாள். நிறுத்தி, திருப்பி, மறுபடி கேட்டாள். அவங்க வாசிப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் வாசித்திருந்தார். அவர் வாசித்தது இப்படி: எல்லைக்கு அப்பால் வருகிற ஒரு வார இதழில் ஓய்வுபெற்ற தளபதி ஒருவர், நாம் சேவையை மூன்று வருஷமாக்கப் போகிறோம் என்று எழுதியிருக்கிறாராம். நமக்கே தெரியாத நம் திட்டம் அவருக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள். இப்படிப் பூச்சாண்டி காட்டித்தான் அங்கே பிள்ளைகளைப் பிடித்து வைக்கிறார்கள்.

அவ்வளவுதான். எங்கள் பக்கத்து அந்த வார இதழ் டீ போடுகிற அறையில் கெட்டிலுக்கு அடியில் கிடந்தது. தளபதி தன் தோட்டத்து ரோஜாவைப் பற்றி ஒரு பத்தியும், அவங்க என்ன செய்யக்கூடும் என்று தனக்குத் தோன்றுவதைப் பற்றி ஒரு பத்தியும் எழுதியிருந்தார்.

அன்று ஹெட்போனில் இருந்தவர் பக்கத்து மேஜைக்காரர், அவளை அக்கா என்று கூப்பிடுகிறவர். டேப்பை அவருக்குப் போட்டுக் காட்டினாள். "அக்கா, நான் முழுசாத்தான் எழுதிக் குடுத்தேன். கிண்டல்னுகூட எழுதினேன். சார் வெட்டிட்டார்."

அவள் டேப்பை எடுத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனாள்.

"சார், இது அவங்க சொன்னதில்ல. நம்ம ஆளு சொன்னதை அவங்க கேலி பண்ணியிருக்காங்க. நாம அதை வெட்டி மேல அனுப்பியிருக்கோம்."

கத்தரிக்கோல் டேப்பை வாங்கவில்லை. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "உங்க பையன் எல்லையிலயா இருக்கான்?"

"ஆமா சார்."

"என் அக்கா பையனும் அங்கதான். தினம் போன் பண்ணி அழறா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம், போன வாரம் இதைக் கொண்டு வந்திருந்தா தப்பு நடந்துபோச்சுன்னு மேல சொல்லியிருக்கலாம். நேத்து என்ன ஆச்சு? நாம நீட்டிட்டோம்னு அவங்களும் மூணு வருஷமாக்கிட்டாங்க. இன்னிக்கு நம்ம தாள்ல இருக்கறது உண்மை. உண்மையை எப்படி மேடம் திருத்தறது?"

"நாம பண்ணதாலதானே சார் அவங்க பண்ணாங்க?"

"சரி. மேல போய் அதை யார் சொல்றது? நீங்களா, நானா?"

"கையெழுத்து நீங்க போடறீங்க."

"அதனாலதான் கதவைச் சாத்தினேன்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன மனிதர். "டேப்பை இருந்த இடத்தில வெச்சிடுங்க. நமக்குள்ள இருக்கட்டும்."

பனிக்காலம் வந்தது. அடுத்த தெரு எலக்ட்ரீஷியனின் மகன் பெட்டியில் வந்தான். அவனுக்கும் இரண்டு வருஷம் முடிந்திருந்தது. பழைய கணக்குப்படி வீட்டில் இருந்திருக்க வேண்டியவன். பெரியம்மா போய் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, அவங்க எதுக்கு இப்படிப் பண்ணாங்க?" என்று கேட்டாராம். தபால் துறை என்று சொல்லித் தப்பிக்கிற இடம் இல்லை அது. பெரியம்மா கையை விடுவித்துக்கொள்ளாமல் அப்படியே இருந்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் கெட்டது. சேவையைக் குறைக்கலாமா என்று அவங்க ரேடியோவிலேயே முன்பு இரண்டொரு முறை பேச்சு வந்ததுண்டு. அதை எழுதிக் கொடுத்தால் கத்தரிக்கோல் முழுசாகவே வெட்டிவிடுவார். "நம்மளத் தூங்க வைக்கப் பாக்கறாங்க" என்பார். நல்ல சேதிக்கு அந்தத் தாளில் இடமில்லை. கெட்ட சேதி மட்டும் இறக்கை கட்டிப் பறக்கும். அங்கேயும் ஒரு காது இருக்கும். அங்கேயும் யாரோ வெட்டிக்கொண்டிருப்பார். நல்லதாக எதைச் சொன்னாலும் அவரும் நம்பமாட்டார்.

ஒருநாள் மதியம் டிபன் டப்பாவைத் திறக்கும்போது பக்கத்து மேஜைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, அவங்க மாகாண நிலையத்தில ஒரு பம்பு ஆலை மேனேஜர் பேசினார். பையன்களெல்லாம் எல்லையில நிக்கறாங்க, என் மெஷின்ல கை வைக்க ஆளில்லன்னு அமைச்சரை வெச்சுக்கிட்டே சொல்லிட்டார். அழாத குறை. நாளைக்கு அவர் இருப்பாரோ இல்லையோ."

"இதைத் தாளுக்குக் குடுத்தீங்களா?"

"சார் வெட்டிட்டார். பம்புக்கெல்லாம் இடமில்லயாம்."

பெரியம்மா அன்று திறந்த டப்பாவைச் சாப்பிடாமலே மூடினாள்.

எங்கள் ரேடியோவில் வெள்ளிக்கிழமைதோறும் 'எல்லைக்கு அப்பால்' என்று ஒரு நிகழ்ச்சி. அவங்க வரிசையில் நிற்பதையும் அவங்க லிஃப்ட் பாதியில் நிற்பதையும் சொல்லிச் சிரிக்கிற பத்து நிமிஷம். எங்கள் லிஃப்டும் பாதியில்தான் நிற்கும், அது வேறு. அந்த நிகழ்ச்சிக்குத் துணுக்குகள் எழுதுவது பெரியம்மா. அந்த வாரம் ஒரு துணுக்குக்கு ஒரு மதியம் முழுக்க எடுத்துக்கொண்டாள். அவங்க ஆலைகளில் ஆளே இல்லையாம். அதனால் எல்லையில் நிற்கிற பையன்களையே இறக்கி இயந்திரத்தடியில் நிறுத்தப் போகிறார்களாம். பாவம், துப்பாக்கி பிடித்த கை இனி பம்பு திருகப் போகிறது.

முதல் வரி காதால் கேட்டது. மற்றது அவள் சேர்த்தது. இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் கேட்காததை எழுதியது அதுதான் முதல் தடவை.

கத்தரிக்கோல் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "எந்த நிலையம்?"

"மாகாண நிலையம் சார்."

"ரொம்ப நாளைக்கப்புறம் சிரிக்க வெச்சீங்க மேடம்" என்று சொல்லி, ஒரு எழுத்தைக்கூட வெட்டாமல் அனுப்பினார்.

நிகழ்ச்சி ஒலிபரப்பான மறுநாள் அவள் பீரோவை ஒழுங்கு செய்தாள். அண்ணனின் சான்றிதழ்களைத் தனியே எடுத்து வைத்தாள். பெரியப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒருவேளை என்னைக் கூட்டிட்டுப் போனாங்கன்னா, அவனுக்கு உடனே எழுதிப் போடாதீங்க. லீவுல வர்றப்போ சொல்லிக்கலாம்."

"எங்க கூட்டிட்டுப் போவாங்க?"

"சும்மா சொன்னேன்."

"சும்மா சொல்ற பேச்சா இது?" என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுவிட்டு வெகுநேரம் மீட்டர் சாவியையே உருட்டிக்கொண்டிருந்தார்.

"அவங்க அதை நம்புவாங்களா?"

"நம்ப வேண்டாம். அவங்க வீம்புக்குச் செஞ்சா நாமளும் செய்வோம். அதுக்குக் கோபம் வந்தாப் போதும்."

"வரலைன்னா?"

"நம்மள யாராவது பாவம்னு சொன்னா நமக்கு வராதா?"

"எனக்கு வராது" என்றார் பெரியப்பா. "உன் சாருக்கு வரும்."

ஒரு வாரம் ஒன்றுமில்லை. அலுவலகத்தில் போன் அடிக்கும்போதெல்லாம் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் தெரியாத வண்டி நின்றால் குழம்பு அடிபிடிக்கிறதுகூடத் தெரியாமல் நின்றாள். அடுத்த வாரம், மதியச் செய்தியில், அவங்க தொழில்துறை அமைச்சரின் குரல். அவள்தான் ஹெட்போனில் இருந்தாள். எங்களுக்கு ஆள் பற்றாக்குறை என்று எல்லைக்கு அப்பால் ஏளனம் செய்கிறார்கள். பற்றாக்குறை எதுவும் இல்லை. எங்கள் வீரர்கள் ஆலைக்குப் போவது உண்மைதான். அது பம்பு உற்பத்தியில் அவர்களை மிஞ்சுவதற்காக. மூன்றாம் வருஷத்துப் பையன்கள் எல்லாரும் இந்த மாதமே போகிறார்கள்.

அவள் அதை ஒரு சொல் விடாமல் எழுதினாள். ஏளனம் என்பது, பற்றாக்குறை என்பது, எல்லாம். கத்தரிக்கோல் வழக்கம்போல வெட்டினார். மந்திரிகளின் மேஜைக்குப் போனது இவ்வளவுதான்: எதிர்த்தரப்பு தன் வீரர்களை ஆலைகளுக்கு மாற்றுகிறது, பம்பு உற்பத்தியில் நம்மை மிஞ்சத் திட்டம்.

எங்கள் ஆணை அந்த மாதக் கடைசிக்குள் வந்தது. அண்ணன் மலையிலிருந்து இறங்கினான்.

வீட்டுக்கு வரவில்லை. பக்கத்து ஊரில் புதிதாகத் திறந்த பம்பு ஆலையின் விடுதிக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வரலாம். பெரியம்மாவுக்கு அது போதும் என்று இருந்தது. பெட்டியில் வரமாட்டான் அல்லவா? முதல் ஞாயிறு அவன் வந்தபோது புது மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் அதன் மேலேயே விழுந்து தூங்கினான். அவள் வாசலில் நின்று அவன் குறட்டையைக் கேட்டாள். பெரியப்பா, "போதும், இதுக்குச் சம்பளம் கிடையாது" என்றார்.

மூன்றாம் வருஷம் முடிந்தது. விடவில்லை. பெரியப்பா ஆலை அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று கேட்டார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மாதிரி. "நாங்க என்ன அய்யா பண்றது? அவங்க விட்டா நாமளும் விடுவோம்" என்றார்.

நாலாம் வருஷமும் போனது. இரண்டு தேசத்திலும் பம்பு பெருகியது. இரும்பெல்லாம் பம்புக்குப் போனதால் குழாய் செய்ய இரும்பில்லை. குடிநீர் வாரியத்து முற்றத்தில் பம்புகள் மலை மாதிரிக் கிடந்து மழையில் துருப்பிடித்தன. அதைத் தண்ணீரோடு இணைக்க ஒரு முழம் குழாய் கிடைக்காது. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த தண்ணீர் வாரம் இரண்டு நாள் என்று ஆனது. பஸ்களுக்கு உதிரிப் பாகம் இல்லாமல் பாதி பஸ் நின்றது. பன்னிரண்டு வண்டி ரோட்டில் ஜனங்கள் துணி உலர்த்தினார்கள். அவங்க பக்கம் இதைவிட மோசம் என்று வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி சொன்னது. எழுதியவள் அவள் என்பதால் அது உண்மைதான் என்று எனக்குத் தெரியும்.

பெரியம்மா மறுபடி முயன்றாள். ஆலையில் இருக்கிற பையன்களை அவங்க கல்லூரிக்கு அனுப்பப் போகிறார்களாம், பாவம், படிக்காத தலைகள் என்று ஒரு துணுக்கு. எதிரொலி இல்லை. கொஞ்ச நாள் கழித்து, சொந்த வயலைப் பார்க்க ஆளில்லாமல் ஊருக்கு அனுப்பப் போகிறார்களாம் என்று இன்னொன்று. அதற்கும் இல்லை. அவங்க ரேடியோ எங்களைப் பற்றிப் பேசுவதையே குறைத்துவிட்டது. பகல் முழுக்க வாத்திய இசை போட்டார்கள். ஹெட்போனில் இசையைக் கேட்டுக்கொண்டு அவள் வெறும் தாளோடு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் ஒருநாள் அவங்க மாகாண நிலையத்தில் ஒரு பம்பு ஆலையின் சிறந்த தொழிலாளரோடு பேட்டி வந்தது. ஒரு பெண், நடு வயசுக் குரல். முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். அவர் கொஞ்சம் தயங்கி, தபால் துறை என்றார். பேட்டி கண்டவர் சிரித்தார். அந்தத் துறையிலிருந்து நிறையப் பேர் இப்போது இங்கேதான், இல்லையா என்றார்.

பெரியம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. அங்கே கேட்கிறவர்கள் எல்லாரும் பம்பு திருகப் போய்விட்டார்கள். இனி இங்கிருந்து எதைச் சொன்னாலும் அங்கே வாங்கிக்கொள்ள ஆளில்லை. அவள் எழுதிய வரியே அவர்களைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியிருந்தது.

அதை அவள் எழுதிக் கொடுத்தாள், வேலை என்பதால். கத்தரிக்கோல் இரண்டு தடவை படித்துவிட்டு, "இதை அனுப்பினா நம்மளையும் அனுப்பிடுவாங்க மேடம்" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எப்படியோ சேதி மேலே போய்ச் சேர்ந்தது. ஆறு மாதத்தில் பக்கத்து மேஜைக்காரர் ஆலைக்குப் போனார். அண்ணனின் வரிசையிலேயே, அவனுக்கு நாலு இயந்திரம் தள்ளி. கத்தரிக்கோலுக்கு ஓய்வு கொடுத்தார்கள். பெரியம்மாவுக்கும் வயதைக் காட்டி முன்கூட்டியே ஓய்வு. கட்டடம் இன்னும் பூட்டிக் கிடக்கிறது.

இப்போது வெளியூரில் இருக்கிற எனக்கு அவள் இதையெல்லாம் போனில் சொல்லவில்லை. போனில் நாங்கள் சளி, இருமல், விலைவாசி தாண்டிப் பேசுவதில்லை, நானும் கேட்கமாட்டேன். போன மாதம் விடுமுறையில் போயிருந்தபோது, வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டே சொன்னாள். எழுதலாமா என்று கேட்டேன். "எழுதேன். இனிமே என்ன பண்ணிடப் போறாங்க, ஆலைக்கா அனுப்புவாங்க?" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் வந்திருந்தான். இருபத்தாறு வயதுக்கு முன்மண்டையில் முடி இல்லை. விரல் இடுக்கெல்லாம் எண்ணெய்க் கறுப்பு, சோப்புக்குப் போகாதது. சாப்பிட்டு முடித்ததும் பெரியம்மா, நான் இருக்கிற தைரியமோ என்னவோ, அவனிடமும் சொல்லிவிட்டாள். துணுக்கு, பம்பு மேனேஜர், எல்லாம். அவன் தட்டிலேயே கையைக் காயவிட்டுக்கொண்டு கேட்டான்.

"நீதானா அது?"

"நான்தான்பா."

"மலையில இருந்து எங்களை இறக்கினப்போ யாரோ புண்ணியவான்னு நெனச்சோம்."

அவள் தட்டுக்குப் பக்கத்தில் சிந்தியிருந்த பருக்கைகளைப் பொறுக்கினாள்.

"பம்புன்னு ஏம்மா எழுதின? பிஸ்கட்டுன்னு எழுதியிருக்கக் கூடாதா? ரெண்டு நாட்டுக்காரனும் தின்னாவது தீத்திருப்பான்."

பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. அண்ணனும் சிரித்தான். பெரியம்மா முதலில் அவனைப் பார்த்தாள், பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நெஜமாத்தான் சொல்றேன்" என்றான் அவன். "மலையில என்னோட இருந்தவங்க பாதிப் பேரு இப்போ ஆலையில இருக்கோம். மீதிப் பேரு இல்ல. உயிரோட இருக்கற பாதியில நான் இருக்கேன். அது போதும்மா."

"எப்போ விடுவாங்கன்னு ஏதாவது பேச்சு இருக்கா?" என்று பெரியப்பா கேட்டார்.

"அவங்க என்ன பண்றாங்கன்னு பாக்கணுமாம். இப்போ பாக்கறதுக்குத்தான் யாரும் இல்லையே."

சாயங்கால பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அவன் நாற்காலியிலேயே தலை சாய்ந்து தூங்கிவிட்டான். பெரியம்மா அவன் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். திங்கட்கிழமை ஒருவன் வராவிட்டால் அவன் வரிசையில் இருக்கிற எல்லாருக்கும் அடுத்த ஞாயிறு விடுமுறை கிடையாது. பக்கத்து மேஜைக்காரர் அந்த வரிசையில்தான் இருக்கிறார். அவருக்கும் வீட்டில் ஒரு மகள் இருக்கிறாள். நேரம் நெருங்க நெருங்க பெரியப்பா இரண்டு தடவை வாசலுக்குப் போய் வந்தார். எழுப்பு என்று கையால் காட்டினார். இன்னும் கொஞ்ச நேரம் என்று அவளும் கையாலேயே சொன்னாள். தெருமுனையில் பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது.

அவள் எழுந்து போய் அவன் தோளைத் தொட்டாள்.

"எழுந்திருப்பா. பஸ் வந்துடுச்சு."